மூன்று விரற்கடை

தேவஇரக்கத்தின் பழைய பிக்கப்பில் இடதுபக்க இருக்கை அவன் மனைவி அன்னத்தாய்க்கு உரியது. மகாராஜபுரத்திலிருந்து காலி வண்டியில் செண்பகத்தோப்புக்குப் போய், சமுத்திரத்தின் தோப்பில் சப்பட்டை மாங்காய் ஏற்றி, ராஜபாளையம் மண்டியில் இறக்குவது அவர்களுடைய கோடைப் பிழைப்பு. பெட்டிகளில் வைக்கோல் திணிப்பது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள். வண்டியின் சத்தம் மாறினால் மட்டும் தலையைத் திருப்புவாள்.

ஒருமுறை டயர்க் கடையில், "இது ஓரம் தேஞ்சிருக்கு, வேற காட்டுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, வண்டிய நீங்க ஓட்டுதியளா, மதினி ஓட்டுதாவளா?" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. தேவஇரக்கம் வீடு வரும்வரை முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கடைகளில் வாய் திறப்பதில்லை.

இந்த வருடம் காய்ப்பறிப்புக்கு முன்னால் குலுக்கலை அடக்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. சமுத்திரம் கறாராகச் சொல்லியிருந்தார்: "காய் அடிபடாம போய்ச் சேந்தா சீசன்பூரா உனக்குத்தாம்லே லோடு. அடிபட்டா வேற வண்டி பாத்துக்கிடுவேன்."

ராஜபாளையத்தில் மெக்கானிக் ஐயாதுரை, வண்டி எந்த மாடல் என்று கேட்டார். தேவஇரக்கம் சொன்னான். பாரம் தாங்கும் பின்பக்க வில்பட்டைகளோடு கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருப்பதைச் சொல்லவில்லை. லோடு அடிக்கிற எல்லாரும் போடுவதுதானே என்று இருந்துவிட்டான். அந்தப் பட்டையால் காலி வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். பழைய ஷாக் அந்த உயரத்துக்கு ஏற்ற நீளம்.

புது ஷாக்கை அமுக்கிக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டை அறுத்ததும் நீண்டது. அப்படியும் கழற்றிப் போட்ட பழையதைவிட மூன்று விரற்கடை குட்டை. அன்னத்தாய் பார்த்தாள். மேலே மாட்டினால் கீழே போல்ட்டுக்கு எட்டவில்லை.

"செத்த ஏறி உக்காருங்கப்பா, வண்டி தாழட்டும்" என்றார் ஐயாதுரை. டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் ஏறினார்கள். "மதினி, நீங்களும் ஏறுங்க. ஒரு மூட்டைக்குச் சமானம்லா!"

அன்னத்தாயும் ஏறி உட்கார்ந்தாள். போல்ட் உள்ளே போனது. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் தோப்புப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் டம் டம் என்று இழுத்து அடித்தது.

"ஏங்க, சத்தம் வருது."

"புதுசுல்லாட்டி, போகப் போகச் சரியாயிரும்."

காய் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வண்டி தவளைபோலக் குதித்தது. மண்டியில் பெட்டியைத் திறந்தால் பாதிக் காய் கன்றிப்போயிருந்தது. காலி வண்டியில் இழுபட்டே ஒருபக்க ஷாக்கின் கீழ்முனை பிய்ந்து அடியில் தொங்கியது. மண்டிக்கு வந்திருந்த சமுத்திரம் காயைப் புரட்டிப் பார்த்தார். போனில் வேறு ஒரு வண்டிக்காரரை அழைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அன்னத்தாய் சொன்னாள்: "குட்டையா இருந்ததை அன்னைக்கே பாத்தேன்."

தேவஇரக்கம் வண்டியை ஓரம் நிறுத்தினான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருக்கவா போறேன்" என்றான் அவன்.

அடுத்த முறை கூடுதல் பட்டையைப் பற்றிச் சொல்லி, அளந்து, நீளமான ஷாக்காக வாங்கினார்கள். மாட்டுவதற்கு யாரும் ஏறி உட்கார வேண்டியிருக்கவில்லை. செண்பகத்தோப்புப் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி அலுங்காமல் போனது. சமுத்திரத்தின் மரங்களில் அப்போது இலை மட்டுமே இருந்தது.