ரோமில் சொன்ன வாரேன்

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு விசைத்தறிக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மயில்சாமி. சிவில் இன்ஜினியரிங் முடித்து, உதவித்தொகையில் மேல்படிப்புக்கு ரோம் நகரம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய கல்வாய்க்கால்களில் தண்ணீர் எப்படி ஓடியது என்று ஆராய வேண்டும் அவனுக்கு. பரம்பிக்குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் என்றைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு வேறெதில் மனசு போகும்? அதற்குப் பேராசிரியை கார்லாவின் ஆய்வுக் குழுவில் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு, குக்கரில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு நின்றபோது அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

‘வருகிறேன் என்றாய். வாய்க்கால் வளைவுகளடியில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அளவுகோல் பிடிக்க ஆள் போதாமல் வேலை பாதியில் நிற்கிறது. மீதியை நாளை முடிப்போம். ஆய்வு மாணவர் பட்டியல் திங்களன்று.’

மயில்சாமி மறுபடி படித்தான். எப்போது சொன்னோம்?

அறைத்தோழன் ஆஸிம், கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன், போனை வாங்கிப் படித்தான். “நேத்து கெளம்பறப்ப அந்தம்மாகிட்ட என்னடா சொன்னே?”

“ஒண்ணுஞ் சொல்லலியே. ரெண்டு பசங்ககிட்ட இத்தாலியன்ல என்னமோ பேசிட்டிருந்தாங்க. நான் ‘ஓகே மேடம், ஐ வில் கம்’னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.”

“எங்கே கம்?”

“வாரேன்னு சொன்னேன்டா. கெளம்பறப்ப வேற எப்புடிச் சொல்றது?”

ஆஸிம் தலையில் கை வைத்தான். “நாளைக்கு அளவெடுக்க யாரு வர்றீங்கன்னு கேட்டிருக்காங்க. நீயும் வாரேன்னுட்டு வந்து குப்புறப் படுத்துத் தூங்கிருக்கே. ஊரே ‘சாவ்’னுதான் விடைபெறுது. அதச் சொன்னா உனக்கு வாய் வெந்துருமா?”

“ஒருத்தரு மூஞ்சியப் பாத்து சாவுன்னு எப்புடீடா சொல்றது? போறேன்னாலே எங்கூட்ல வைவாங்க.”

மன்னிப்புக் கேட்டு நான்கு முறை எழுதினான், நான்கையும் அழித்தான். எப்படி எழுதினாலும் சாக்கு மாதிரியே இருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வெளியே போனான். பழைய மதில், உடைந்த தூண்கள், படம் எடுக்கும் கூட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரே நீரூற்றை மூன்று முறை சுற்றிவிட்டான் என்பதே, அங்கே குடை விற்கிறவன் சிரித்தபோதுதான் தெரிந்தது. நடுவில் அம்மா கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, அந்தம்மா எடங் குடுத்துட்டாங்களா? உங்கப்பா தறி ஓட்டறவங்க அத்தன பேர்த்துகிட்டயும் சொல்லிப்போட்டாரு.”

“திங்கக்கெழம தெரியுமுங்கம்மா.”

“கொரலு என்னமோ மாதிரி இருக்குது. சாப்ட்டியா?”

“சாப்ட்டனுங்க.” குக்கரை இன்னும் திறக்கவேயில்லை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நகரத்தின் ஓரத்துக்குப் போனான். புல்வெளியின் குறுக்கே உயர உயரமான வளைவுகள்; அவற்றின் உச்சியில்தான் வாய்க்கால். கீழே கார்லா அளவெடுக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

“உன்னை வரச் சொல்லவில்லையே” என்றார் ஆங்கிலத்தில்.

“தெரியும் மேடம். எங்கள் பக்கம் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம். போகிறேன் என்றால் திரும்பாதவன் என்று ஆகிவிடும். அதனால் வருகிறேன் என்போம். நான் விடைபெற்றேன். நான் அளவெடுக்க வருவதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.”

கார்லா கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். “நிஜமாகவே வரப்போகிறவர் என்ன சொல்வார்?”

“அவரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்.”

“பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

இதை ஊரில் யாரும் கேட்டதில்லை. “வந்தால் தெரியும் மேடம்” என்றான்.

அவர் அளவுகோலை நீட்டினார். மாலை நான்கு வரை, வெயிலில் கழுத்து காந்த, ஒவ்வொரு தூணடியிலும் அதை ஆடாமல் பிடித்தான். பட்டியலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, “நாளை எட்டு மணிக்கு என் அறையில்” என்றார் கார்லா.

“ஐ வில் கம், மேடம்.”

பையை மாட்டப் போனவர் நின்றார். “இது உங்கள் ஊர் வருகிறேனா, எங்கள் ஊர் வருகிறேனா?”

“ரெண்டுந்தானுங்க.” தமிழிலேயே வந்துவிட்டது. பதறிப்போய் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னான்.

கார்லா பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பெட்டியின் மேல் விரித்தார். ஆய்வு மாணவர் பட்டியல்; மூன்று பெயர்கள், அவற்றின் கீழே வெற்று வரி ஒன்று. பேனாவைத் திறந்துகொண்டு, “உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்” என்றார். “மெதுவாக.”