வாசலில் கழற்றாத செருப்பு

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிதான் அடி. குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி உயிர் போகும். கொஞ்ச தூரம் நடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா?

எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "குதிகால் எலும்பு முள்ளு மாதிரி வளந்திருக்கு டீச்சர்," என்றார். "வெட்டத் தேவையில்ல. எழும்ப முந்தி ஒரு துவாயப் பாதத்துல போட்டு உங்க பக்கமா இழுங்க. ஐஸ் போத்தலக் காலுக்கடியில உருட்டுங்க. வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்புப் போடணும். சிமெந்துத் தரையில வெறுங்காலோட நடக்காதீங்க."

துவாய் சரி, போத்தல் சரி. வீட்டுக்குள் செருப்பா? கண்டியில், ஹந்தானை மலையில் எங்கள் வீட்டுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவளே நான். என் கணவர் மறந்துபோய்ச் செருப்போடு ஓரடி வைத்தாலும், "இது என்ன சந்தையா? வாசல்லயே கழட்டுங்க!" என்று கத்துவேன். "சரிங்க டீச்சர்," என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கழற்றுவார். அவர் கட்டாரில் ஹோட்டல் குசினியில் சமைக்கப் போன பிறகு, கத்தக்கூட ஆளில்லாத வீடாகிவிட்டது.

டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு லீவில் வருவதாகச் சொன்னார். எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஞாயிறு பூசை முடிந்ததும், முன்பு போல, அவரோடு கண்டி வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். மழை பெய்தால் ஒரே குடையில். அந்த ஆசைக்காகத்தான் மெத்துச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டேன். என் செருப்புச் சத்தமே சில நேரம் அவர் மறந்துபோய்ச் செருப்போடு உள்ளே வருகிற மாதிரிக் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன், பைத்தியக்காரி!

கட்டாரிலிருந்து கோல் எடுத்துப் பேசும்போதெல்லாம் என் காலைப் பற்றித்தான் கேட்பார். "துவாய எப்படி இழுக்கிற? எவ்வளவு நேரம் பிடிக்கிற?" கேட்டதையே திரும்பக் கேட்பார். என்ன அக்கறை மனுசனுக்கு என்று பூரித்துப் போவேன்.

நத்தாருக்கு முன் என் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. அவரும் வந்தார். எயார்போட்டிலிருந்து அவ்வளவு தூரம் வேனில் உட்கார்ந்து வந்தவர், வாசலில் ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெந்தில் கால் வைத்தார். முகம் சுருங்கியது. கை கதவு நிலையைப் பிடித்தது.

அந்த அடி எனக்குத் தெரியும்.

"எப்ப இருந்து?"

"போன வருசத்துல இருந்து. நாள் முழுக்க நின்ன வேலதானே. உனக்கும் வலிக்குதுன்னு சொன்ன, பிறகு நான் என்னத்தச் சொல்ல?"

"அடப்பாவி மனுசா!" கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "செருப்பப் போட்டுக்கிட்டே உள்ளுக்கு வாங்க. வாவி எங்கயும் ஓடிப்போகாது."

அவர் நம்பாமல் என் காலைப் பார்த்தார். நானும் செருப்போடுதான் நின்றேன்.