தம்புள்ளை மாப்பிள்ளையும் அவருடைய காட்ஸ் விளையாட்டும்

மாப்பிள்ளைக்கு காட்ஸ் விளையாடுற பழக்கம் உண்டு என்று கல்யாணப் புரோக்கர் சொன்னதும் அம்மாவுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. "ஐயோ, சீட்டாடுற சூதாடியா?" என்றார். "இல்லைங்க, இது படம் போட்ட காட்ஸ், படிச்ச பிள்ளைங்க விளையாடுறது" என்று புரோக்கர் சமாளித்தார். மாப்பிள்ளைக்குத் தம்புள்ளையில் போன் திருத்துகிற கடை. நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆள் பார்க்க நல்லாத்தான் இருந்தார். ஆனால் பார்த்ததை மட்டும் வைத்து ஒருத்தரோடு காலம் முழுக்க எப்படி இருப்பது? பேசிப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். அண்ணன் துணைக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அண்ணன் அடுத்த மேசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, போனைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. கடைசியில் அவர் பைக்குள்ளிருந்து இரண்டு கட்டு காட்ஸை எடுத்து வைத்து, "விளையாடுவோமா?" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காட்ஸ் எனக்கா தெரியாது? எங்கள் தோட்டத்தில் இழவு வீடு என்றால் முன்னூற்று நாலு என்கிற காட்ஸ் ஆட்டம் இல்லாமல் இருக்காது. பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு என்று திட்டுகிறவர்களே ஆள் குறைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பக்கத்து ஆள் போட்டதும் பாயில் படாரென்று அடிக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால் "என்ன, தூங்கிட்டியா?" என்பார்கள்.

அதே வேகத்தில் ஒரு காட்டைப் போட்டேன்.

"பொறுங்க, இது என் டர்ன்" என்றார்.

சரி, பொறுத்தேன். அவர் ஒரு காட்டை எடுத்தார், ஏதோ கொம்பு வைத்த மிருகம் ஒன்றை மேசையில் வைத்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏதாவது செய்யப் போறீங்களா?"

"உங்க டர்ன்னு சொன்னீங்களே?"

"என் டர்ன்தான். ஆனா நான் செய்றது நடக்கிறதுக்கு முந்தி உங்களைக் கேட்கணும். நீங்க இடையில பதில் போடலாம்."

"அப்ப முதல்ல ஏன் பொறுக்கச் சொன்னீங்க?"

"அப்ப நான் ஒண்ணுமே செய்யலையே. அது வேற கட்டம்."

இதற்குப் பிறகுதான் கூத்தே. நான் போட்ட பதிலுக்கு அவர் ஒரு பதில் போடலாமாம், அதற்கு நான் இன்னொன்று போடலாமாம். எல்லாம் ஓய்ந்த பிறகு, கடைசியாகப் போட்டது முதலில் வேலை செய்யுமாம். வகுப்பில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி வந்தால் உள்ளே இருப்பதை முதலில் செய்யுங்கள் என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். எனக்கே தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு காட்டைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். ஆஹா, இது நம்ம துரும்பு, மற்றதையெல்லாம் வெட்டுற காட்! முன்னூற்று நாலில் துரும்பைக் கவிழ்த்துத்தானே வைப்போம். மேசையில் வைத்த கையோடு திருப்பினேன்.

"ஏலாது. வச்ச டர்ன்லயே திறக்க ஏலாது."

"பிறகு எப்ப?"

"என் டர்ன் வந்த பிறகு."

"என் காட்டை உங்க டர்ன்லயா திறக்கிறது?"

அடுத்த மேசையில் அண்ணனுக்குப் புரையேறியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் காட்ஸ் கட்டை அப்படியே தூக்கி எறிந்திருப்பேன். அவரோ சலிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு நிறுத்தி, "ஏதாவது செய்யப் போறீங்களா?" என்று அதே குரலில் கேட்டார். படுதோல்வி எனக்கு. பஸ்ஸில் திரும்பி வரும்போது, விளையாட்டு ஒரு மண்ணும் புரியாவிட்டாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் அப்படி யார் கேட்டிருக்கிறார்கள்? வீட்டுக்குப் போய் சரி என்று சொன்னேன்.

நாள் குறிக்க அவர் வீட்டார் வந்தார்கள். அவருடைய அம்மா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கல்யாணம் முடிஞ்சதும் புள்ள தம்புள்ளைக்கு டிரான்ஸ்பர் எடுத்துக்கும்தானே" என்றார். "அதுக்கென்ன, எடுத்துக்கலாம்" என்றார் என் அம்மா. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நான் ஒருத்திதான். ஓ.எல். பரீட்சைக்கு உட்காரப் போகிற பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டுப் போவதா? நான் அவரைப் பார்த்தேன். இப்போது கேட்பார் என்று இருந்தேன். அவர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் நீளம் என்று தோட்டமே சொல்லும், ஆனால் அன்றைக்கு என்னமோ, அவர் கேட்கட்டும் என்றே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நாளைக் குறித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

பொழுது சாயும்போது அவருக்குப் போன் எடுத்தேன். "ஏன் ஒரு வார்த்தை கேட்கல?" என்றேன்.

"அது பெரியவங்க பேசுற நேரம்தானே. நாம இடையில பேசலாமா இல்லையான்னு எனக்கு விளங்கல" என்றார். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. இவர் பயந்தாங்கொள்ளியா, இல்லை எல்லாவற்றுக்கும் சட்டம் தேடுகிற அப்பாவியா? சிரிப்பதா அழுவதா என்று எனக்கும் விளங்கவில்லை.

"கொம்பு வச்ச மிருகத்துக்குக் கேட்பீங்க, என் வேலைக்குக் கேட்க மாட்டீங்களா? நான் பள்ளிக்கூடத்தை விட மாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் டீவிச் சத்தத்தோடு அவர் எழுந்து நடப்பது கேட்டது. போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு, போனை வைக்காமலே, "அம்மா" என்று அவர் கூப்பிடுவது கேட்டது. "மாத்தளையில ஒரு வாடகை வீடு பார்ப்போம். அவங்க அங்க இருந்து ஸ்கூலுக்குப் போகட்டும். நான் பஸ்ல கடைக்கு வந்து போறேன்."

யாரோ டீவியை நிறுத்தினார்கள். போனை வைப்பதா, பிடித்துக்கொண்டு நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. "இங்க குடு அதை" என்று அவர் அம்மாவின் குரல் கிட்டே வந்தது.

"ஏன் புள்ள, இதை நீ அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"என்கிட்ட யாரும் கேட்கலையே, அத்தை."

பிறகு, "சரி, இப்ப நான் கேட்கிறேன். சொல்லு" என்றார்.

"ஓ.எல். பிள்ளைங்களை நடுவுல விட்டுட்டு வர ஏலாது, அத்தை" என்று அழுதுகொண்டே சொன்னேன்.