அண்ணாச்சி அனுப்பிய ரயில்

அண்ணாச்சி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அதை நம்பவில்லை. மும்பையில் செம்பூர் நிலையத்தில் வடாலா பக்கம் போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் முதலில் செய்த காரியம் மருத்துவமனைக்குப் பேசி உறுதி செய்துகொண்டதுதான். இதற்காக யாரும் என்மீது கோபப்பட வேண்டாம். அவருடைய மூன்றாவது தேர்தலில், பிரசாரம் ஓய இரண்டு நாள் இருக்கும்போது, இசக்கியப்பன் அண்ணாச்சிக்கு மாரடைப்பு என்று தாராவி முழுக்கப் பேச்சு கிளம்பியது. பெண்கள் தெருவில் உட்கார்ந்து அழுதார்கள். மறுநாள் அவர் நெஞ்சில் கையை வைத்தபடி திறந்த ஜீப்பில் வந்தார். அந்த முறைதான் முதன்முதலாக வென்றார். பிறகு நான் தனியாகக் கேட்டேன். "வாயுப் பிடிப்பு, புரபசரு. சனங்க பாசத்துல பெருசாக்கிட்டாவ" என்றார். கண்ணில் சிரிப்பு இருந்ததா என்று கூர்ந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

நினைவு மலருக்காக என்னிடம் கட்டுரை கேட்டவர்கள், நல்லதாக நாலு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், "இடைத்தேர்தல் வருது சார், பாத்து எழுதுங்க" என்று கண்ணடித்தார். நான் நிற்கப் போவதில்லை. அதனால் பார்த்து எழுத வேண்டிய கட்டாயமும் எனக்கில்லை. அண்ணாச்சி இரண்டு முறை தோற்றவர், மூன்று முறை சட்டமன்றம் போனவர், பதவியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர். நடுவில் ஒரே ஒரு தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றேன், தோற்றேன். என்னைத் தோற்கடித்தவர் அவர்தான் என்று இத்தனை வருடமாக நம்பி வந்திருக்கிறேன். உங்களில் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். இனிமேல் அவரிடம் கேட்க முடியாது என்பதால் அந்தக் கேள்வியை மூடிவைத்துவிட்டு அஞ்சலி எழுதச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது.

அவரை நான் நெருங்கியது அவருடைய முதல் தோல்வியில்தான். அப்போது அவர் பழைய எண்ணெய் டின்களை நசுக்கி விற்கும் கொட்டகை வைத்திருந்தார். நான் மாதுங்காவில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தச் சேர்ந்திருந்தேன். என் அப்பா தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. படித்த பிள்ளை என்பதால் அண்ணாச்சிக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் நன்றி சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ மாப்பிள்ளை வீட்டார் போல ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்தார். "ஜெயிச்சவன் வரமாட்டான். தோத்தவன் வந்து நின்னா கதவத் தெறந்துதான ஆவணும்" என்றார்.

என்ன பெரிய மனசு என்று நினைத்தேன். தெருவின் முடிவில் அவர் என் காதில் சொன்னார்: "அந்த மூணாவது வீட்டுக்காரன் நமக்குப் போடல."

"எப்படிச் சொல்லுதீய?"

"டீயில சீனிய அள்ளிக் கொட்டிட்டாம்லா."

நன்றி சொல்லப் போனாரா, ஆளை எடைபோடப் போனாரா என்ற சந்தேகம் எனக்கு அன்று பிடித்தது. பிறகு அவரோடு இருந்த ஒரு நாளும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அவருக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அதனால் சட்டமன்றத்தில் அவர் பேச வேண்டியதை மராத்தியில் தயாரித்துத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்தின் கீழே கோடு போட்டுவிடுவேன். வேறு எந்த ஆம்தாருக்கும் இப்படி ஒரு பேச்சு எழுதப்பட்டிருக்காது. மராத்தியில் எம்.எல்.ஏ.வை அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் பாதி நேரம் அப்படித்தான் சொன்னோம். ஒருமுறை எங்கள் பக்கத்துக் குடிநீர் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் வேண்டுகோள். இரண்டாவது பக்கத்தில் அமைச்சரை நெருக்கும் கேள்விகள். என் படிப்பையெல்லாம் அதில்தான் இறக்கியிருந்தேன். பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அமைச்சருக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "ரெண்டாவது பக்கத்தப் படிச்சிருந்தா பேப்பர்ல பேரு வந்துருக்கும். கொழாயில தண்ணி வந்துருக்காது" என்றார். தண்ணீர் வந்தது உண்மை. முதல் குழாய் அவருடைய மைத்துனர் இருந்த சந்தில் வந்ததும் உண்மை. "எங்கயாச்சும் ஒரு எடத்துல ஆரம்பிக்கணும்லா?" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்.

இரண்டு முறை வென்ற பிறகு, இதற்குள் அவர் சேர்ந்திருந்த கட்சியின் மேலிடம் புதுமுகம் வேண்டும் என்றது. படித்தவர், மூன்று மொழி பேசுகிறவர், சின்ன வயது. அண்ணாச்சியே கூட்டத்தில் என் கையைத் தூக்கிப் பிடித்தார். "இந்தத் தடவ நம்ம புரபசரு. எனக்குப் போடுததா நெனச்சிப் போடுங்க" என்றார். நான் கல்லூரி வேலையை ராஜினாமா செய்தேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்தத் தேர்தல் தீபாவளியை ஒட்டி வந்தது. கடைசி நாட்களில் அண்ணாச்சி என்னை வடாலா பக்கமே சுற்ற வைத்தார். "தாராவிய நான் பாத்துக்கிடுதேன். அது நம்ம வீடு" என்றார். வாக்குப்பதிவு அன்று காலை, நாங்கள் மிகவும் நம்பியிருந்த பூத்தில் இருந்த எங்கள் ஆள் போனில் கூப்பிட்டான்.

"சார், நம்ம கல்லி காலியா கெடக்கு."

"இன்னும் எழுந்திரிச்சிருக்க மாட்டாங்க."

"இல்ல சார். பூட்டித் தொங்குது. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போயிட்டாங்களாம். வேதக்காரங்க உவரி அந்தோணியார் கோயிலுக்காம். ரயில்ல ரெண்டு பொட்டி நெறைய. அண்ணாச்சி ஆபீஸ்ல டிக்கெட் எடுத்துக் குடுத்துருக்கு."

நான் பிறந்து வளர்ந்த தெரு அது, கல்லி என்றுதான் சொல்வோம். அங்கே ஓட்டுப் போட்டவர்கள் பயணம் செய்ய முடியாத கிழவர்களும் வாட்ச்மேனும்தான். நான் தோற்ற வித்தியாசம் அந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கும். எண்ணிக்கை முடிந்த அன்று மாலையே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஆட்கள் இருந்தார்கள். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "முருகன் கூப்பிட்டான், போயிட்டாவ. டிக்கெட் நான்தான் எடுத்துக் குடுத்தேன். வேற என்ன கேக்கணும்?"

நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த தேர்தலில் அவரே நின்றார். அதே கல்லி பொங்கிவந்து ஓட்டுப் போட்டது, அவர் வென்றார். தன் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து பழகிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் நினைத்தால் எப்படி நடந்துகொள்வாரோ, எல்லாம் அப்படியே நடந்திருந்தன. நான் டோம்பிவிலியில் ஒரு தனியார் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, தினமும் ரயில் கூட்டத்தில் நசுங்கிப் போய்வந்தேன். அவர் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது கொய்யாப்பழப் பையோடு மருத்துவமனைக்கு வந்தார். நான்கு பேர் பார்க்கட்டும் என்று வந்திருக்கிறார் என நினைத்து, நான் வராந்தாவின் மறுகோடிக்குப் போய்விட்டேன். வார்டில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பழத்தைப் பங்குவைத்துவிட்டுப் போனதாக மனைவி சொன்னாள். "அங்க யாருக்கெல்லாம் நம்ம தொகுதியில ஓட்டு இருக்கு?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடக்கத்தன்று கூட்டம் உங்களுக்கே தெரியும். இடைத்தேர்தலில் சீட்டு எதிர்பார்க்கும் ஆட்களின் மாலைகள்தான் பெரிதாக இருந்தன. உடலை எடுத்த பிறகு, டின் கொட்டகையை ஒட்டிய அவருடைய ஆபீஸ் வாசலில் மரியபுஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்தார். தொண்ணூறடிச் சாலையில் இட்லி விற்கிறவர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கூடவே கல்லிப் பெண்கள் ஐந்தாறு பேர்.

"ஏ தம்பி, இப்பமாச்சும் வந்தியே."

"கடைசி மரியாதைக்கு வந்தேன் அக்கா."

"உசுரோட இருக்கச்ச குடுக்காத மரியாதைய இப்ப யாருக்குக் குடுக்க?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னத் தோக்கடிச்ச ஆளுக்கு இதுவே அதிகம்" என்றேன்.

அக்கா அழுது வீங்கிய முகத்தோடு சிரித்துவிட்டார். "அவரா தோக்கடிச்சாரு? போலே, கோட்டிக்காரா. நாங்கல்லா தோக்கடிச்சோம்."

பக்கத்தில் இருந்தவர், "ஏக்கா, சும்மா இரு" என்று முழங்கையால் இடித்தார்.

"இருக்கட்டும். அண்ணாச்சியே போயிட்டாவ. இனும யாருக்குப் பயம்?" அக்கா என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ நம்ம கல்லிப் புள்ள. எங் கல்யாணத்துல உங்க அப்பாதான் முன்ன நின்னு எல்லாம் செஞ்சாரு. உனக்குப் போடாம இருக்க மனசு கேக்கல. போடவும் மனசு இல்ல. மிசினுக்கு முன்னால போயி நின்னுக்கிட்டு எந்தப் பொத்தான அமுக்க? அதான் நாங்க கொஞ்சம் பொம்பளைங்க போயி, அண்ணாச்சி, எங்கள எங்கயாச்சும் அனுப்பிரும், ஊருல இல்லன்னா பாவம் இல்லலான்னு சொன்னோம்."

"போட ஏன் மனசு இல்ல?"

"கோவப்படக் கூடாது."

"படல. சொல்லுங்க."

"அண்ணாச்சிட்டப் போயி தண்ணி வரலன்னா வைவாரு. நாய பேயன்னு வைவாரு. வைஞ்சிட்டுச் செருப்ப மாட்டுவாரு, கெளம்பிருவாரு. உங்கிட்ட வந்தா ஏன் தண்ணி வரலன்னு வெளக்கம் சொல்லுவ. அதுல ஒரு தப்பு இருக்காது, தம்பி. தண்ணியும் இருக்காது."

இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு. கழுதைகளா, அவன் இருந்த வேலைய விட்டுட்டு நிக்கான், வெளங்குவீயளான்னு கத்துனாரு. அன்னைக்கு எங்க மூஞ்சியிலயே முழிக்கல. பொறவு அவரே ஆள உட்டுக் கூப்பிட்டாரு. எதிராளிக்குப் போட்டுத் தொலச்சீயன்னா புரபசரு இந்தத் தெருவுல தல நிமுந்து நடக்க முடியாது, போயிட்டு வாங்கன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாங்களும்தான் கேட்டோம். அவன் என்னையே வையட்டும், எனக்குப் பழக்கந்தான்னாரு. உங்கள வெறுத்துட்டாம்னா அவனுக்கு வேற தெரு ஏதுன்னாரு."

எனக்குள் எழுந்தது ஒரு கேள்விதான். தீபாவளி நேரத்தில் நாகர்கோவில் வண்டியில் ஒரு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் கேட்டது தேர்தலுக்குச் சில நாள் முன்பு என்றால், இரண்டு பெட்டி நிறைய இடம் எங்கிருந்து வந்தது?

"அக்கா, டிக்கெட் எப்ப எடுத்தாரு?"

"எனக்கு என்ன தெரியும்? அவரு எம்.எல்.ஏ.லா. அவருக்குக் கெடைக்காதா?"

கிடைத்திருக்கலாம். அல்லது டிக்கெட்டை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அந்த ஆசையை இந்தப் பெண்கள் வாயிலிருந்தே வரும்படி செய்திருக்கலாம். டீயில் விழுந்த சீனியை வைத்து ஓட்டை எண்ணியவருக்கு அது பெரிய வேலை இல்லை. தன்னை நான் வெறுத்தால் அவருக்கு நஷ்டம் ஒரு ஓட்டு, தெருவை நான் வெறுத்தால் தெரு இரண்டாகும், அது அடுத்த தேர்தலுக்கு ஆகாது என்றும் கணக்குப் போட்டிருப்பார். இப்படியெல்லாம் யோசித்தபடியேதான் வீட்டுக்கு வந்தேன். இன்றும் முடிவுக்கு வரவில்லை. உங்களில் அந்த டிக்கெட் எடுத்தவர் யாராவது இருந்தால், எப்போது எடுத்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். உண்மையாகக் கேட்கிறேன்.

மறுநாள் காலை தொண்ணூறடிச் சாலைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அக்கா எதுவும் நடக்காதது போல இட்லியை வைத்து, "சட்னி உறைக்கும், பாத்துத் தின்னு" என்றார். அன்று ரயிலேறிப் போன பெண்கள் குடத்தோடும் பையோடும் என்னைத் தாண்டிப் போனார்கள். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "என்ன சாரே, மெலிஞ்சிட்டீய" என்றார். இவர்கள்மீது கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அண்ணாச்சி என்னைப் பற்றி மேடையில் சொன்ன புகழ்ச்சிகள் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அவை ஓட்டுக்காகச் சொன்னவை. எனக்கு வேறு தெரு இல்லை என்று அவர் சொன்னதாக அக்கா சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவர் அதை மனதாரச் சொன்னாரா, கணக்காகச் சொன்னாரா, சொன்னாரா என்பதேகூட எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.