டயருக்கு அடியில்

அன்று விமானக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என்னிடம் கணக்கு வழக்குப் பார்க்கும் என் தம்பி. விமானத்தை விற்க கோலாலம்பூரிலிருந்து வந்த தரகர், நம் தமிழ் ஆள்தான். கொட்டகைப் பொறுப்பாளர், மலாய்க்காரர்.

எனக்குக் குருண் என்ற ஊரில் பட்டறை. செம்பனை எண்ணெய் ஆலைக்கு இயந்திரம் செய்கிறோம். ஆப்பிரிக்காவிலும் போய்ப் பூட்டிக் கொடுக்கிறோம். என் வெல்டர்கள் மூன்று விமானம் மாறி, கால் வீங்கிப் போய் இறங்குவார்கள். நிற்காமல் போகிற விமானம் வேண்டும், அவர்கள் கால் நீட்டிப் படுக்கவும் வேண்டும் என்று தேடினேன். பழசு ஒன்று கிடைத்தது.

சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கேட்டார், கித்தா மரம் சீவினவன் மகனுக்கு ஏரோப்ளேன் கேக்குதான்னு. கேக்குது என்றேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர்.

தரகர் முதலில் தம்பிக்குக் கை கொடுத்தார். தம்பி சட்டையை உள்ளே விட்டிருந்தான். நான் விடவில்லை. பேச்செல்லாம் அவனிடமே போனது. இன்ஜினைத் திறந்து சோதித்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. கையெழுத்துதான் பாக்கி. அப்போது என் மனைவி பையிலிருந்து எலுமிச்சம் பழத்தை எடுத்தாள்.

எந்த வண்டி வாங்கினாலும் டயருக்கு அடியில் பழம் வைத்து நசுக்குவோம். பழைய வண்டி என்றால் கட்டாயம் வைப்போம். யார் யார் கண் பட்டதோ.

தரகர் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "அண்ணன்கிட்ட சொல்லுங்க. இது லோரி இல்ல."

"லோரிக்கே வச்சோம்," என்றாள் என் மனைவி.

தரையில் எதுவும் கிடக்கக்கூடாது, கிடந்தால் இன்ஜின் இழுத்துக்கொள்ளும் என்றார் பொறுப்பாளர். பழம் வைக்காமல் கையெழுத்து இல்லை என்றேன். ரெண்டு மணிக்கு வேறொருவர் பார்க்க வருகிறார், அவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் தரகர். வரட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தம்பி காதருகே வந்தான். "அண்ணே, மானம் போகுது. நம்மள என்னான்னு நெனப்பாங்க?"

"நெனச்சிட்டுப் போட்டும்லா. வாங்குறது நம்ம."

எனக்கு அந்த விமானம் வேண்டும். அதுபோல இன்னொன்று அந்த விலைக்கு அமையாது. ஆனாலும் நான் எழவில்லை. ரெண்டு மணி ஆனது. தரகர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

பொறுப்பாளர்தான் கடைசியில் என்னிடம் வந்தார். கொட்டகைக்கு உள்ளேயே, இன்ஜின் ஓடாமல், டிராக்டர் வைத்து இழுத்தால் சம்மதமா என்று மலாயில் கேட்டார். சம்மதம் என்றேன். உள்ளே கொண்டுவந்த பழம் அத்தனையும் எண்ணிக்கை குறையாமல் திரும்ப வரவேண்டும் என்றார். சூடம் கூடாது என்றார். அது நியாயம். எண்ணெய் இருக்கிற இடம்.

அப்புறம்தான் டயரை எண்ணினோம். மூக்குக்குக் கீழே ரெண்டு. இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு ரெண்டு. காருக்குக் கொண்டுவருவதுபோல என் மனைவி நாலு பழம்தான் கொண்டுவந்திருந்தாள்.

"நாலு போதாதா?" என்றார் தரகர். இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மத்த ரெண்டு டயர் என்னா பாவம் பண்ணுச்சி?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மெர்கோங்கில் இருக்கிற கடைக்கு அவனே போனான். அவன் வரும்வரை விமானமும் தரகரும் காத்திருந்தார்கள்.

பழம் வைத்தோம். டிராக்டர் இழுத்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. வாசம் மட்டும் வந்தது.

கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன். பொறுப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார். நசுங்கியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். ஒன்று குறைந்தது. தரகர் கோட்டோடு குனிந்து, பின் டயரில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துத் தட்டில் போட்டார். பொறுப்பாளர் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

ஆறு.