தண்டவாளத்துக்கு அப்பால் வாங்கிய வீடு

என் பிள்ளைகள் மூவருக்கும்,

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில் அப்பாவும் ஒன்று எழுதவேண்டும் என்று கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன். அம்மாவின் நற்குணங்களைப் பெரிய மாமாவும் முன்வீட்டு ரீச்சரும் என்னைவிட வடிவாக எழுதித் தந்திருக்கிறார்கள். நான் நாங்கள் வாங்கிய வீட்டைப் பற்றியும், அதில் அம்மா பட்ட பயத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றும் அதில் இருக்கிறது.

அம்மா பிறந்தது ஸ்கந்தபுரத்தில். அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றக் காணியில் காடு வெட்டி நெல் விதைத்தவர்கள். ஆறு பேரில் அம்மா நாலாவது. எங்கள் கலியாணத்துக்குச் சீதனமாகத் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கல்வீடு தந்தார்கள். அதில் இரண்டு வருடம்கூட நாங்கள் முழுதாக இருக்கவில்லை.

இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு இது தெரியும். ஊரை விட்டுப் போகும்போது கூரைத் தகரத்தையும் கதவு யன்னலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுதான் போவோம். போன இடத்தில் தடி நட்டு அதே தகரத்தைப் போடுவோம். கழற்றாமல் போனவர்கள் மழையில் மரத்துக்குக் கீழே இருந்தார்கள். எங்கள் தகரம் ஐந்து இடத்தில் கூரையாக இருந்தது. மூத்தவள் பிறந்ததும் தம்பி பிறந்ததும் அதன் கீழ்தான். கடைசி இடத்தில் அம்மா ஏணியில் நின்று ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே ஷெல் கிட்ட விழத் தொடங்கிவிட்டது. மூத்தவளை நான் இழுத்துக்கொண்டு, தம்பியை அம்மா தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் எழுதப் போவதில்லை. முகாமில் ஒருநாள் அம்மா சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"ஆணி எண்டபடியாத்தான் பிந்தினது. போல்ட் எண்டால் கழட்டியிருக்கலாம்."

முகாமிலிருந்து வெளியே வந்தபின் எனக்கு வவுனியாவில் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. வாடகைக்கு இருந்தோம். மூன்று வருடத்தில் மூன்று வீட்டுக்காரர் எங்களை வீட்டை விட்டு எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குக் காய்ச்சல் வரும். சின்னவள் தவழும் பருவம். அப்போதுதான் தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு வீடு விலைக்கு இருக்கிறது, உறுதிப் பத்திரம் உள்ள காணி என்று கேள்விப்பட்டேன்.

இன்றைக்கு அங்கே வெதுப்பகமும் மருந்துக் கடையும் இருக்கின்றன. காணி இருக்கிறதா என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். அன்றைக்குத் தார் றோட்டு தண்டவாளத்தோடு முடிந்துவிடும். அதற்கு அங்கால் ஓட்டோ வராது. பெரிய மாமா முகத்துக்கு நேரே சொன்னார்.

"அங்காலையோ? உங்களுக்கென்ன விசரோ? செத்த வீட்டுக்குக்கூட அங்கை சனம் வராது."

"அண்ணை, எழுப்ப ஆள் வராத இடம் எண்டால் எனக்குப் போதும்" என்றார் அம்மா.

வீடு பார்க்கப் போனபோது அம்மா கிணற்றைப் பார்க்கவில்லை. குசினியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஐயா, இது ஆணி அடிச்சதோ, போல்ட் போட்டதோ?"

விற்க வந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, உங்கடை மனுசி வீடு வாங்க வந்தவவோ, கூரை வாங்க வந்தவவோ?"

உறுதியில் கையெழுத்து வைத்தோம். வீட்டுக்கு வந்த முதல் மாதமே பக்கத்து வளவு மேசனைக் கூப்பிட்டு, ஆணி எல்லாம் பிடுங்கி, முறுக்கிக் கழற்றக்கூடிய போல்ட் போடச் செய்தார். கதவு நிலைக்குச் சீமெந்து பூச விடவில்லை. மேசன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அக்கா, உருட்டிக்கொண்டு போக வீட்டுக்கு நாலு சில்லும் பூட்டி விடட்டோ?"

"பகிடியை விட்டிட்டு வேலையைப் பாரும் தம்பி" என்றார் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

இனி, நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதைக்கு வருகிறேன். ஒழுங்கையில் அளவைக்காரர் வந்த நாள், அம்மா தனியே ஏறிக் கூரையைக் கழற்றினார், மழை பெய்து வீடெல்லாம் வெள்ளம், அப்பா வேலையால் வந்து ஏசினார் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். செத்த வீட்டன்றும் யாரோ அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நடந்தது அதுவல்ல.

அன்று மத்தியானம் நான் சாப்பிட வந்தேன். நீங்கள் மூவரும் பள்ளிக்கூடத்தில். எங்கள் படலை வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பு மை பூசிய கட்டை ஒன்று அடித்திருந்தது. நாலைந்து பேர் நாடா பிடித்து அளந்துகொண்டு போனார்கள். சைக்கிளைப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்தினேன். அம்மா ஏணியில் நின்றார். கையில் போல்ட் கழற்றும் சாவி.

"கட்டையைக் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"அப்ப ஏணியைப் பிடியுங்கோ."

நான் ஏன் என்று கேட்கவில்லை. அளந்தவர்களிடம் போய் எதற்கு அளக்கிறீர்கள் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, எழும்பு என்றால் எழும்பித்தான் பழக்கம். அம்மா போல்ட் கழற்றினார், நான் தகரத்தின் மற்ற முனையைப் பிடித்து இறக்கினேன். பதினொரு தகரம். பிறகு மழை தொடங்கிவிட்டது.

சத்தம் கேட்டு, அன்று லீவில் நின்ற ரீச்சர் குடையோடு ஓடிவந்தார். நான் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"என்னக்கா செய்யிறியள்? தண்ணிக் குழாய் புதைக்கவெல்லோ அளக்கினம். ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

மேசனும் வந்தார், இன்னும் ஐந்தாறு பேர் வந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் சைக்கிளை எடுத்து, பின்வேலியால் போய், ஒழுங்கையைச் சுற்றி, அப்போதுதான் ஆலையால் வருகிறவன்போல முன்படலையால் வந்தேன். நீங்களும் பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப் பைகளோடு நனைந்துகொண்டு நின்றீர்கள். எல்லோருக்கும் முன்னால் நான் கேட்டேன்.

"என்னப்பா இது? உமக்கு விசரோ?"

அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். "பிள்ளையளைத் துடைச்சு விடுங்கோ" என்றார்.

அன்று பொழுதுபடுவதற்குள் அயலவர்கள் மழையில் நனைந்து கூரையைப் போட்டுத் தந்தார்கள். அம்மா அதன் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீங்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அவரும் சேர்ந்து சிரிப்பார். என்னைப் பார்க்கமாட்டார். பிள்ளைகளே, அம்மாவுக்கு விசர் இல்லை. இருந்தது பயம். அதே அளவு பயம் எனக்கும் இருந்தது. அதை நான் அம்மாவின் தலையில் வைத்துவிட்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

பிறகு சிறுநீரக வருத்தம் வந்தது. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கட்டிலில் கிடந்தும் "வீட்டிலை ஆர் நிக்கினம்?" என்றுதான் கேட்பார். வீடு ஆளில்லாமல் கிடந்தால் யாராவது வந்து இருந்துவிடுவார்கள் என்ற பயம். கடைசிக்கு முதல்நாள் என் கையைப் பிடித்தார்.

"என்னை எங்கையிருந்து எடுப்பியள்?"

"எங்கடை வீட்டிலை இருந்துதான். வேறை எங்கை?"

"அதுவரைக்கும் ஆரும் எழும்பச் சொல்லாட்டி."

ஒருவரும் சொல்லவில்லை. அங்கே வராது என்று சொல்லப்பட்ட சனம் தண்டவாளம் வரைக்கும் நின்றது. பந்தல் போட்ட மேசனுக்கும், செத்த வீட்டுக்குப் பிறகு எங்கள் அடுப்பு எரியாத எட்டு நாளும் சோறு கொண்டுவந்த ரீச்சர் வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஓட்டோத் தம்பிக்கும், அம்மாவை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், தோள் கொடுத்த பெரிய மாமாவுக்கும், பெயர் தெரியாமல் வந்து நின்ற எல்லோருக்கும் நான் கை கூப்புகிறேன்.

இன்னும் ஒன்று. மலரின் முதற்பக்கத்துக்கு விபரம் எழுதிக் கொடுத்தது நான். "பிறப்பிடம்: ஸ்கந்தபுரம். தற்காலிக வதிவிடம்: வவுனியா" என்று எழுதியிருந்தேன். யோசித்து எழுதியதல்ல, எந்தப் படிவத்திலும் அப்படி எழுதியே கை பழகிவிட்டது. நேற்றுக் காலை உங்களிடம் சொல்லாமல் அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். முதற்பக்கத் தாள் மேசையில் கிடந்தது. பேனையால் "தற்காலிக" என்ற சொல்லை வெட்டினேன். வெட்டிவிட்டு, யாரும் பார்த்தார்களோ என்று வாசலைப் பார்த்தேன். பிறகு பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்தேன்.