அத்தையின் குரலை மூடிய இரைச்சல்

நேற்று ஏ.எஸ்.ராவ் நகரில் நான் ஏறிய வாடகைக் காரில், டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஓர் இரைச்சலும் ஏறியது. என் பத்து வயதில் எங்கள் காரிலும் அதே சத்தம் கேட்டது.

அப்பா தன் கையாலேயே ஆம்ப்ளிஃபையர் செய்து காரில் பொருத்தியிருந்தார். இறந்துபோன தன் தங்கை, என் அத்தை, பாடிய ஒரே கேசட்டைக் கேட்கத்தான் அத்தனை சிரமமும். ஆனால் எஞ்சின் ஓடினால் அத்தையின் குரலை இரைச்சல் மூடிவிடும். ஒரு மாதம் போராடிய பின், ஒரு ஞாயிறு காலை எல்லாவற்றையும் கழற்ற உட்கார்ந்தார்.

அம்மா குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் சால்டரிங் வேலை பார்த்தாள். அப்பாவின் வேலையில் அதுவரை தலையிட்டதில்லை.

"கழட்டறது நக்கோங்க, வேணாம். பிளேயர் எர்த் ஒயர் கார் பாடியில ஒரு இடத்துல, ஆம்ப்ளிஃபையர் எர்த் ஒயர் வேற இடத்துல இருக்கு. அதான் இரையுது" என்றாள்.

"அவ்வளவுதானா?"

அவள் காருக்குள் குனிந்தாள். காரின் அடித்தகட்டில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரண்டு ஒயர்களையும் ஒரே போல்ட்டில் முடுக்கினாள்.

"இப்ப மிதிங்க."

எஞ்சின் உறுமியது. ஸ்பீக்கரில் அத்தை மட்டும் பாடினாள். வரிகளுக்கு நடுவே அவள் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. அப்பா பாட்டை முடியும்வரை கேட்டார். பிறகு, எப்போதும் பின்சீட்டில் உட்காரும் அம்மாவுக்கு முன்கதவைத் திறந்துவிட்டார்.

"உக்காரு. முதல்லேருந்து கேக்கலாம்."